சொன்னதும் சொல்லாததும்: தமிழ்த் திரைப்பட உரையாடலில் குறிப்புப் பொருள்



பள்ளி தொடங்கிக் கால்மணி நேரம் கழிந்தபின் ஒரு மாணவன் வகுப்பறை வாயிலில் வந்து நிற்கிறான். ஆசிரியர் அவனை நிமிர்ந்து பார்த்து, “மணி என்ன தம்பி?” என்று கேட்கிறார். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “ஒன்பதே முக்கால், ஐயா” என்று சொல்வானாயின், சொல்லளவில் அது பிழையற்ற விடை. ஆனால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஆசிரியருக்குச் சினம் பொங்கும். மாறாக, “மன்னியுங்கள் ஐயா, பேருந்தைத் தவறவிட்டுவிட்டேன்” என்று அவன் சொல்வானாயின், கேட்ட வினாவுக்கு அது நேர்விடையே அன்று. எனினும் அதுவே தக்க விடை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆசிரியர் கேட்டது மணியை. கேட்க எண்ணியது காரணத்தை. சொன்ன சொல்லுக்கும் உணர்த்திய பொருளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அவ்விடைவெளியை யாரும் நமக்குக் கற்பிக்காமலே நாம் ஒவ்வொரு நாளும் தாண்டிக்கொண்டிருக்கிறோம். அதனை எவ்வாறு தாண்டுகிறோம் என்பதையும், தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றில் அவ்விடைவெளி எத்தகைய பணியைச் செய்தது என்பதையும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இவ்வாராய்ச்சி நமக்குப் புதியதன்று. பொருள், சொல்லிலே வெளிப்பட நிற்பதும் உண்டு, குறிப்பினால் தோன்றுவதும் உண்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே பகுத்துக் காட்டியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறார். இதனை நீங்கள் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடம் செய்தது பயன்படும் இடம் இதுவே.

“கடைக்குப் போய் வருவாயா?” என்று தாய் கேட்கிறாள். “போகிறேன்” என்பது உடன்படல். “போகமாட்டேன்” என்பது மறுத்தல். கடை எது என்ற வினாவுக்கு “இதுதான்” என்று காட்டுவது சுட்டல். இம்மூன்றும் நேர்விடைகள். இனி மற்ற ஐந்தையும் பாருங்கள். “நீயே போ” என்பது ஏவல். “போகாமல் இருப்பேனா?” என்பது வினாதல். “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். “கால் வலிக்கும்” என்பது உறுவது கூறல். “நூலகத்துக்குப் போய் வருகிறேன்” என்பது இனமொழி. இவ்வைந்திலும் ‘ஆம்’ என்ற சொல்லோ ‘இல்லை’ என்ற சொல்லோ இல்லை. ஆயினும் தாய்க்கு விடை கிடைத்துவிடுகிறது. நேராக விடையாகாமல், விடைப்பொருளைத் தருகின்றவை இவை என்று நன்னூலார் இவற்றைத் தனியே வகுத்துவிட்டார்.

கால்வலியைப் பற்றிய செய்தி எவ்வாறு கடைக்குப் போக மறுக்கும் விடையாகிறது? இதற்கு விளக்கம் தர முற்பட்டவர் பால் கிரைஸ் என்னும் ஆங்கிலத் தத்துவப் பேராசிரியர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் இத்துறைக்கு அடிப்படையாயின. உரையாடல் என்பது இருவர் கூடிச் செய்யும் ஒரு வேலை என்பது அவர் கருத்து. பேசுபவர் வேண்டிய அளவே பேசுவார், உண்மையையே பேசுவார், எடுத்த செய்தியை ஒட்டியே பேசுவார், தெளிவாகப் பேசுவார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். அளவு, உண்மை, தொடர்பு, தெளிவு என்ற இந்நான்கில் ஒன்று வெளிப்படையாக மீறப்படும்போது, “இவர் வீணே மீறமாட்டாரே; வேறு ஏதோ சொல்ல நினைக்கிறார்” என்று கேட்பவர் மனம் தேடத் தொடங்குகிறது. கடையைப் பற்றிக் கேட்டவளிடம் காலைப் பற்றிப் பேசினால், தொடர்பு அறுந்ததுபோல் தோன்றுகிறது. அறுந்த தொடர்பைத் தாயின் அறிவு இணைக்கிறது. குறிப்புப் பொருள் பிறக்கிறது.

கிரைஸ் கூறிய மற்றொரு தன்மையையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். குறிப்புப் பொருளை, பேசியவர் பின்னர் மறுத்துவிடலாம். “கால் வலிக்கிறது, இருந்தாலும் போகிறேன்” என்று மகன் சொன்னால் முன்பு தோன்றிய மறுப்பு மறைந்துபோகிறது, அவன் பொய் சொன்னதாகவும் ஆவதில்லை. வெளிப்படையாகச் சொன்ன சொல்லை இவ்வாறு எளிதில் மீட்டுக்கொள்ள இயலாது. மறுக்கத்தக்க இத்தன்மையே திரைப்பட வரலாற்றில் பெரும்பங்கு கொண்டது. பேச்சைச் சூழலோடு சேர்த்து ஆராயும் இத்துறையைச் சூழற்பொருளியல் என்று நாம் அழைக்கலாம்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். வீட்டில் நடக்கும் உரையாடலில் பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். திரைப்பட உரையாடலிலோ கேட்பவர் இருவர். கதையில் எதிரே நிற்கும் பாத்திரம் ஒருவர். இருட்டில் அமர்ந்திருக்கும் மக்கள் மற்றொருவர். ஒரே சொல் இருவருக்கும் வெவ்வேறு பொருளைத் தர இயலும்.

1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘மந்திரிகுமாரி’யை எண்ணிப் பாருங்கள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் கதையைத் தழுவி, மு. கருணாநிதி உரையாடல் எழுதிய படம் அது. கணவன் தன் மனைவியை மலையுச்சிக்கு அன்பொழுக அழைத்துச் செல்கிறான். அழைப்பு இனிமை, கருத்தோ கொலை. உச்சியை அடைந்தபின் உண்மையை உணர்ந்த அவள், இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர இசைவு கேட்கிறாள். கணவன் காதில் அது கற்புடைய பெண்ணின் கடைசி வேண்டுகோளாக விழுகிறது. மக்களோ, கெஞ்சிப் பணிய வேண்டிய நேரத்தில் இவள் ஏன் சடங்கு பேசுகிறாள் என்று நெஞ்சு படபடக்கக் காத்திருக்கின்றனர். வலம் வருகின்றவள் அவன் பின்புறம் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். அவன் கேட்டது சொல்லை. மக்கள் கேட்டது குறிப்பை. அவ்வேறுபாடுதான் அக்காட்சியின் உயிர்.

கதைக்குள் நிகழும் குறிப்பு இது. கதையைக் கடந்து நாட்டு நடப்பைச் சுட்டும் குறிப்பும் ஒன்றுண்டு. அதன் வரலாறு இன்னும் சுவையானது. ஏனெனில் அங்கே மூன்றாவதாக ஒருவரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தாம் தணிக்கையாளர்.

ஆங்கில அரசு 1918ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 1920ஆம் ஆண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. விடுதலை இயக்கத்தை நேராக ஆதரிக்கும் சொல்லும் காட்சியும் வெட்டுக்கு இலக்காயின. தமிழ் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. அப்படத்தில் பாத்திரங்கள் சிலர் தமிழிலும் சிலர் தெலுங்கிலும் பேசினர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் காந்தியடிகளையும் கைராட்டினத்தையும் போற்றிய ஒரு பாடலும் இருந்தது.

பழங்கால வடமொழிக் கவிஞனின் கதைக்கும் கைராட்டினத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இல்லை. அத்தொடர்பின்மையே மக்களைச் சிந்திக்க வைத்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஓராண்டுக்குமேல் சென்றிருந்த காலம் அது. அரங்கில் இருந்தவர்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதை எதைப் பற்றியதாயினும், படம் எடுத்தவர் மனம் எங்கே இருக்கிறது என்பதை அப்பாடல் உணர்த்திற்று. 1939ஆம் ஆண்டில் ‘மாத்ருபூமி’ என்ற படம் வந்தபோது, கிரேக்கர் ஆதிக்கத்தை எதிர்த்துப் பாரத வீரர் எழுந்த பழங்கதையே திரையில் நிகழ்ந்தது. கிரேக்கர் என்ற இடத்தில் ஆங்கிலேயரை வைத்துப் பொருள் கொள்ளும் வேலையை மக்களே செய்துகொண்டனர்.

அதே 1939ஆம் ஆண்டு மே மாதம் ‘தியாகபூமி’ வெளிவந்தது. கதை கல்கி எழுதியது; இயக்கியவர் கே. சுப்பிரமணியம், சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். ஒடுக்கப்பட்ட மக்களிடையே வாழ்ந்து தொண்டாற்றும் அம்முதியவரின் எளிய தோற்றமும் பேச்சும் காந்தியடிகளை நினைவூட்டின. தன்னைக் கொடுமைப்படுத்திய கணவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்குத் தானே சீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் சொல்லும் சாவித்திரியின் மறுமொழி, நன்னூலார் வகுத்த நேர்விடைகளுள் அடங்குவதன்று. மறுப்பும், வழக்கமாகக் கேட்கும் பேச்சைத் திருப்பிப்போடும் ஏளனமும் அதில் ஒருங்கே இருந்தன.

இப்படத்தின் வரலாற்றில் நமக்கு ஒரு பெரும் பாடம் இருக்கிறது. அது வெளிவந்தபோது சென்னை மாகாணத்தில் காங்கிரசு அமைச்சரவை ஆட்சி செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகிற்று. 1940ஆம் ஆண்டில் படம் தடைசெய்யப்பட்டது. மாணவர்களே, இவ்விரண்டு ஆண்டுகளுக்கிடையே படச்சுருளில் ஒரு சொல்லேனும் மாறியதா? இல்லை. மாறியது சூழல்தான். சொல் மாறாமலே பொருளின் வலிமை மாறிற்று. அனுமதிக்கப்பட்ட படம் அச்சந்தரும் படமாயிற்று. பொருள் என்பது சொல்லில் மட்டும் குடியிருப்பதன்று. பேசுகின்ற காலத்திலும் கேட்கின்ற மக்களிடத்திலும் குடியிருக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாடு விடுதலை பெற்றபின் தணிக்கை நின்றுவிடவில்லை. 1951ஆம் ஆண்டில் நடுவணரசின் தணிக்கை வாரியம் அமைந்தது. 1952ஆம் ஆண்டில் புதிய திரைப்படச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த எழுத்தாளரும் நடிகரும் அக்காலத்தில் திரைத்துறையில் ஓங்கி நின்றனர். அவர்கள் எல்லாவற்றையும் குறிப்பாகவே சொன்னார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் குணசேகரன் உரக்கவே பேசுகிறான். தன்மேல் சாட்டப்பட்ட செயல்களை ஒப்புக்கொண்டு, பொறுப்பை மட்டும் சமுதாயத்தின்மேல் சாற்றுகிறான். ஆயினும் அங்கேயும் ஒரு குறிப்பு உண்டு. அவன் முகம் நோக்கியது நீதிபதியை. அவன் தீர்ப்பு வேண்டி நின்றதோ அரங்கில் இருந்த மக்களிடம். படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் எழுந்ததற்குக் காரணம், மக்கள் தாமே நீதிபதிகள் என்று உணர்ந்துகொண்டதுதான்.

அவ்வாண்டு இறுதியில், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ வெளிவந்தது. அதில் வரும் பாடல் ஒன்றில் ‘தீனா மூனா கானா’ என்ற ஒலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தி.மு.க. என்று பொருள்கொண்டு அரங்கம் ஆரவாரித்தது. பாடலோ அவ்வெழுத்துக்களைத் ‘திருக்குறள் முன்னணிக் கழகம்’ என்று விரித்துச் சொல்லிற்று! திருவள்ளுவரை யார் தடுக்க முடியும்? கிரைஸ் ஆர்வர்டில் பேசுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, குறிப்புப் பொருளைத் தோற்றுவித்து, அதே மூச்சில் மறுத்தும் காட்டியவர் நம் கலைவாணர். மறுப்பைக் கேட்ட மக்கள் குறிப்பைக் கைவிடவில்லை; இன்னும் உரக்கச் சிரித்தனர். மறுப்பே குறிப்பை உறுதிப்படுத்திய வேடிக்கை அது.

‘அண்ணா’ என்ற விளி மற்றோர் எடுத்துக்காட்டு. தங்கை தமையனை அவ்வாறு அழைப்பது இயல்பு. கதையின் தேவைக்கு அவ்வளவு போதும். ஆனால் தேவைக்குமேல் அச்சொல் அழுத்தப்படும்போது, அளவு மீறப்படுகிறது. மிகுதியான பொருளை மக்கள் தேடுகின்றனர். சி. என். அண்ணாதுரையை நாடெங்கும் ‘அண்ணா’ என்று அழைத்த காலம் அது; அரங்கில் கையொலி எழுந்தது. எந்தத் தணிக்கையாளர் ஒரு வீட்டுறவுச் சொல்லை வெட்ட முடியும்? 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சக்கரவர்த்தித் திருமகள்’ படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயசூரியன். கதைக்குள் அது ஒருவனது இயற்பெயர். கதைக்கு வெளியே அது ஒரு கட்சியின் தேர்தல் சின்னம்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் மேல்வகுப்பு மாணவர்க்கு ‘பணம்’ படத்தைத் திரையிட்டோம். முன்னர்ச் சொன்ன பாடல் வந்தது. மாணவர் அனைவரும் வாளாவிருந்தனர். பின்வரிசையில் நின்றிருந்த ஒருவர் மட்டும் தம்மை மறந்து கை தட்டினார். அவர் எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பேணிவந்த பெரியவர்; வயது எழுபதைக் கடந்தவர். படம் முடிந்ததும் ஒரு மாணவன் அவரிடம் போய், “எதற்குக் கை தட்டினீங்க, தாத்தா?” என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, “அதை வெளியே சொல்லிட்டா ருசி போயிடும், ராசா. அப்போ எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

அம்மறுமொழியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘எங்க எல்லாருக்கும் தெரியும்’ என்ற அச்சொற்களில்தான் குறிப்புப் பொருளின் முழு இரகசியமும் இருக்கிறது. சொல் படச்சுருளில் பதிந்திருந்தது. இன்றும் அழியாமல் இருக்கிறது. பொருளோ மக்களின் பொது அறிவில் இருந்தது. அவ்வறிவு மங்கியதும் பொருளும் மங்கிவிட்டது. 1967ஆம் ஆண்டில் அண்ணாதுரை முதலமைச்சராகிவிட்டார். அதன்பின் மறைத்துச் சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. கையொலி எழுந்த இடங்களில் இன்றைய இளைஞர் ஒன்றும் கேட்பதில்லை. பழைய படத்தைப் பார்ப்பதற்குக் கண் போதும். கேட்பதற்கு வரலாற்றறிவு வேண்டும்.

இதுவரை குறிப்பின் பெருமையைச் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் ஆசிரியன் கடமையினின்றும் தவறியவனாவேன்.

மறுக்கத்தக்க பொருள் என்பது எளியவர் கையில் ஒரு கேடயம். அதுவே வலியவர் கையில் முகமூடி. அடிமை நாட்டில் ஆள்வோர்க்கு அஞ்சி மறைவாகப் பேசியவரை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒரு பெண்ணையோ, ஒரு தொழில் செய்வோரையோ, ஓர் ஊராரையோ, உடற்குறை உடையவரையோ இழிவுபடுத்தும் பேச்சும் இதே வழியில்தான் வருகின்றது. இரட்டைப் பொருள் தரும் ஒரு சொல்லை நகைச்சுவை என்ற பெயரில் திரையில் உதிர்க்கின்றனர். கேட்பவர் முகஞ்சுளித்தால், “நான் அப்பொருளில் சொல்லவில்லையே, உங்கள் மனத்தில்தான் அது இருக்கிறது” என்கின்றனர். கலைவாணர் கையாண்ட அதே கருவி. நோக்கம் மட்டும் தலைகீழ். அன்று அது ஆள்வோரின் தடையினின்றும் தப்ப உதவிற்று. இங்கே புண்பட்டவரின் கேள்வியினின்றும் தப்ப உதவுகிறது.

சட்டம் இவ்விடத்தில் பெரிதும் துணை செய்யாது. சட்டம் சொல்லைப் பிடிக்கும். குறிப்பைப் பிடிக்க அதற்குக் கை போதாது. 1983ஆம் ஆண்டில் தணிக்கை வாரியம் என்ற பெயர் சான்றளிப்பு வாரியம் என்று மாற்றப்பட்டது. பெயர் எதுவாயினும், மக்கள் மனத்தில் பிறக்கும் பொருளுக்கு எவரும் முன்கூட்டிச் சான்று அளிக்க இயலாது. ஆகவே இறுதிக் காவல் கேட்பவரிடமே இருக்கிறது. குறிப்புப் பொருளை முடித்து வைப்பவர் கேட்பவரே என்பதை மேலே கண்டோம் அல்லவா? ஒரு பாதியைப் பேசியவர் செய்கிறார். மறுபாதியை நாம் செய்கிறோம். நாம் சிரித்தால் அப்பொருளுக்கு நாமும் பங்காளிகள். நாம் சிரிக்க மறுத்தால் அது பாதியிலேயே நின்றுவிடும்.

எனவே, மாணவச் செல்வங்களே, ஒரு படத்தைப் பார்க்கும்போதும், மேடைப் பேச்சைக் கேட்கும்போதும், கைப்பேசியில் வரும் செய்தியைப் படிக்கும்போதும் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் சொன்னது என்ன? எனக்கு உணர்த்தியது என்ன? உணர்த்தியதை வெளிப்படையாகச் சொல்லுமாறு கேட்டால், இவர் அதற்குப் பொறுப்பேற்பாரா? பொறுப்பேற்றால் சிறைவாசம் நேரும் என்று அஞ்சி ஒருவர் மறைத்தாராயின், அவர் குறிப்பைப் பொறுமையோடு தேடுங்கள். பொறுப்பேற்றால் தலைகுனிவு நேரும் என்று ஒருவர் மறைத்தாராயின், அக்குறிப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், ஒருநாள் அவர்களோடு அமர்ந்து ஒரு பழைய படத்தைப் பாருங்கள். திரையைவிட அவர்கள் முகத்தைக் கூர்ந்து நோக்குங்கள். உங்களுக்குச் சிரிப்பு வராத இடத்தில் அவர்கள் சிரித்தால், படத்தை அங்கே நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். எந்த ஏட்டிலும் எழுதப்படாத வரலாற்றின் ஒரு பக்கம் அவ்விடத்தில் உங்களுக்குத் திறக்கும்.